பில்லில் ஒரு வரி எழுதட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

புதுச்சேரி பழம்பொருள் கடைகளைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். தேக்கு அலமாரி, நாற்காலி பற்றியெல்லாம் விரிவாக எழுதியவர் கண்ணாடிப் பொருளைத் தொடவே இல்லை. ஏமாற அதிக வாய்ப்பு அதில்தான் இருக்கிறது. நான் ஏமாந்தேன்.

என் தாத்தா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் படையில் சிப்பாய். வியட்நாமின் சைகோனிலிருந்து அவர் கொண்டுவந்த பிரெஞ்சுப் பூஜாடி ஒன்று வீட்டுக் கூடத்தில் இருந்தது. பாகப்பிரிவினையில் அது எங்கே போனதோ, யாருக்கும் தெரியாது. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு கடையில், மஞ்சள் கண்ணாடியில் ஊதாக் கொடி புடைத்து நின்ற ஜாடியைப் பார்த்ததும் பேரம்கூடப் பேசாமல் வாங்கிவிட்டேன். ஜாடியின் பக்கவாட்டில் எமில் கலேயின் கையெழுத்து இருந்தது.

கலே, பிரான்சில் நான்சி நகரத்துக்காரர். நிறக் கண்ணாடியை ஒன்றன்மேல் ஒன்றாகப் போர்த்தி, வேண்டாத இடத்தை அமிலத்தால் அரித்துப் பூவையும் கொடியையும் எழுப்பியவர். 1904இல் அவர் இறந்த பிறகும் தொழிற்சாலை நடந்தது. அதன்பின் சில ஆண்டுகள் கையெழுத்தோடு ஒரு நட்சத்திரமும் சேர்த்தார்கள். அதே பாணியில் ருமேனியாவில் பிற்காலத்தில் செய்த ஜாடிகளில் பெயருக்குப் பக்கத்தில் 'டிப்' (TIP) என்று இருக்கும். அவர்கள் மொழியில் அதற்கு 'வகை' என்று பொருள். செய்தவர்கள் மறைக்கவில்லை. கைமாறும்போது யாரோ அந்த மூன்று எழுத்தையும் தேய்த்து எடுத்துவிடுகிறார்கள். என் ஜாடியில் கையெழுத்தை ஒட்டி விரல் வைத்தால் லேசாகப் பள்ளம் தட்டுகிறது. வாங்கிய அன்று விரல் வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

கடைக்காரர் உள்ளே இருந்த குமிழியைக் காட்டி "கையால ஊதினது, அதான் பழசு" என்றார். இன்று காலையில் ஊதிய கண்ணாடியிலும் குமிழி இருக்கும். இன்னொரு கடையில் ஒரு கிண்ணத்தின்மேல் புற ஊதா டார்ச் அடித்து, பச்சையாக ஒளிர்வதே பழமைக்குச் சாட்சி என்றார்கள். யுரேனியம் கலந்திருப்பதைத்தான் அந்த ஒளி சொல்லும். அத்தகைய கண்ணாடியை இப்போதும் செய்கிறார்கள்.

வாங்குகிறவர்கள் ஜாடியைக் கவிழ்த்து அடியைப் பாருங்கள். நகைக்கடையில் கல் பார்க்கும் லென்ஸ் ஒன்று போதும். பல வருஷம் மேசையில் நகர்ந்த பொருளில், தரையைத் தொடும் விளிம்பில் மட்டும் மெல்லிய கீறல்கள் ஆழம் மாறி, திசை மாறிக் கிடக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததில் கோடுகள் ஒரே பக்கமாக ஓடும். தரையே படாத குழிவிலும் சில சமயம் இருக்கும். என் ஜாடியில் இருந்தது. அடியில் கீறலே இல்லையென்றாலும் சந்தேகப்படலாம்.

புதுப்பொருள் விற்பதை நான் குறை சொல்லவில்லை. உத்தரப் பிரதேசத்தில் கண்ணாடி வேலைக்குப் பேர்போன பிரோசாபாத் கைவினைஞர்களின் வேலை எனக்குப் பிடிக்கும். அதைப் பழசென்று விற்பதுதான் அநியாயம், அவர்களுக்கும் சேர்த்து. எந்த ஊர்ப் பொருள், பழசா புதுசா என்று கடைக்காரர்கள் பில்லில் ஒரு வரி எழுதித் தரவேண்டும்; எழுத மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம்.

சென்ற மாதம் ஒரு தொங்குவிளக்குக்கு அப்படிக் கேட்டேன். முதல் கடையில் பேச்சை மாற்றினார்கள். அடுத்த கடையில் இருந்த பெரியவர் "பிரோசாபாத், புதுசுதாம்மா" என்று சொல்லி அப்படியே எழுதிக் கையெழுத்தும் போட்டார். அவரிடமே வாங்கினேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.