ஏற்காட்டிலிருந்து இறங்கி வந்த இத்தாலி சைக்கிள்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது, பதில் போட முடியாமல் அம்மாவின் கண் ஆபரேஷன், அதற்கு அலைச்சல் என்று நாள் ஓடிவிட்டது. நல்லபடியாக முடிந்தது. இப்போது கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்கிறார், உன்னையும் விசாரித்தார். தங்கச்சியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பெரியவளுக்குப் படிப்பில் இது கடைசி வருஷம், சின்னவன் வழக்கம் போல கிரிக்கெட். சரி, வீட்டுச் செய்தி இவ்வளவுதான்.

உன் அப்பாவின் ராலே சைக்கிளைப் பெயிண்ட் கடைக்கு அனுப்பிப் புதுசு போல ஆக்கலாமா என்று கேட்டிருந்தாயே, அனுப்பாதே. ஒரு வருஷமாக நான் ஒரு பழைய சைக்கிளோடு மல்லுக்கட்டி இப்போதுதான் அது ஓடுகிறது, அந்தக் கதையைச் சொன்னால் ஏன் வேண்டாம் என்கிறேன் என்று உனக்கே புரியும்.

போன வருஷம் தை மாதம், காப்பிப் பழம் பறித்து முடிகிற சமயம், நாகலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டுக்கு மிளகு வாங்கப் போயிருந்தேன். காப்பிப் பழத்தின் தோலை உரிக்கிற பல்பர் கொட்டகையின் விட்டத்தில் ஒரு சைக்கிள் தலைகீழாகத் தொங்கியது. எஸ்டேட் கேட்டுக்கு அடித்த அதே கரும்பச்சை எனாமலை இதற்கும் பிரஷ்ஷால் அடித்திருந்தார்கள், செயின் ஒரே துருக்கட்டி, டயர் உரித்துப்போட்ட பாம்புச் சட்டை மாதிரி. ஆனால் ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில்பாரும் அந்த மெல்லிய குழாய்களும் இது நம் ஊர்ச் சைக்கிள் இல்லை என்று சொல்லிவிட்டன. எப்போதோ இருந்த ஒரு வெளிநாட்டு வாத்தியார் விட்டுப்போனதாம், எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டருக்கு அதற்கு மேல் தெரியவில்லை. 3,500 ரூபாய் கொடுத்து, மிளகு மூட்டையோடு சேர்த்து ஜீப்பில் கட்டிக்கொண்டு இறங்கினேன்.

வீட்டுக்கு வந்து முதல் வேலையாகப் பின் கியர் மாற்றியைத் துணியால் துடைத்தேன். கம்பன்யோலோ என்று எழுத்து, அதன் மேல் சின்னதாகப் பேட்டென்ட் 77 என்று குத்தியிருந்தது. நியூவோ ரெக்கார்டு என்கிற அந்த மாடலில் வருஷத்தை அப்படித்தான் போடுவார்கள், ஆக 1977 அல்லது அதை ஒட்டிய வண்டி. கம்பன்யோலோ 1933-இல் இத்தாலியின் விசென்சா ஊரில் ஆரம்பித்த கம்பெனி. அதை ஆரம்பித்த துல்லியோ கம்பன்யோலோ ஒரு சைக்கிள் பந்தயக்காரர். மலையில் பனிக்குளிரில் விரல் விறைத்துப் போய், சக்கரத்து நட்டைக் கழற்ற முடியாமல் பந்தயத்தைத் தோற்றாராம், அதிலிருந்துதான் ஒரே நெம்பலில் சக்கரம் கழலும் பூட்டை யோசித்தார் என்று சொல்வார்கள். அந்தப் பூட்டு இந்த வண்டியிலும் இருக்கிறது, நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகியும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டதும் கையோடு திறந்துகொண்டது.

பிறகுதான் அந்தப் பச்சை. சீட்டுக்குக் கீழே ஓர் இடத்தில் எனாமல் பொருக்கு விட்டிருந்தது, நகத்தால் கீறினேன். உள்ளே ஒரு வெளிர் நீலப்பச்சை, வேப்பம்பூ மாதமான சித்திரையில் மேகமில்லாத காலையில் சேர்வராயன் மலைக்கு மேலே தெரியுமே, அந்த மாதிரி. பியாங்கி. எடோர்டோ பியாங்கி 1885-இல் மிலானில் தொடங்கிய கம்பெனி, இந்த நிறத்துக்கு அவர்கள் ஊரில் செலஸ்தே என்று பேர். 1949-இல் ஃபவுஸ்தோ கோப்பி ஒரே வருஷத்தில் இத்தாலி சுற்றுப் பந்தயத்தையும் பிரான்ஸ் சுற்றுப் பந்தயத்தையும் ஜெயித்தது இந்தக் கம்பெனி வண்டியில்தான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை மாப்ளே.

மறுநாளே இங்கே சேலம் கோட்டைப் பக்கத்து சைக்கிள் கடை பாயிடம் கொண்டுபோனேன். நாம் ஒரு மணி நேரத்துக்கு ஐம்பது பைசா கொடுத்து வாடகை சைக்கிள் எடுத்தோமே, அதே கடைதான், இப்போது பாய்க்கு எழுபதுக்கு மேல் இருக்கும். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஓவராயில் பண்ணினால் ஓடும் தம்பி, அவசரப்படாதீங்க" என்றார். ஓவராயில் என்றால் முழுசாகப் பிரித்துத் துடைத்துத் திரும்பப் பூட்டுவது. பெடல் சுற்றுகிற நடு அச்சை இரண்டு பக்கமும் தாங்கும் கப்பில்தான் முதல் சிக்கல். நம் ஊர் சைக்கிள்கள் இங்கிலாந்து வழி வந்தவை, செயின் பக்கத்துக் கப்புக்கு லெஃப்ட் மரை, அதாவது வலமாகத் திருப்பினால்தான் கழலும். பாய் ஐம்பது வருஷப் பழக்கத்தில் அப்படியே திருப்பினார். அசையவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து மறுநாளும் திருப்பினார், இன்னும் இறுகியது. எனக்கு ஏதோ உறுத்தவே வெர்னியர் வைத்து அளந்து பார்த்தேன், அந்தக் கப் உட்காரும் கூட்டின் அகலம் 70 மில்லிமீட்டர். இங்கிலாந்து அளவு என்றால் 68 இருக்க வேண்டும். இத்தாலிக்காரர்கள் இரண்டு பக்கமும் சாதாரண வலது மரையே போடுவார்கள், விட்டமும் 36 மில்லி, நம் ஊர்க் கப் எதுவும் பொருந்தாது. இடமாகத் திருப்பியதும் ஒரு முனகலோடு கழன்றது. பாய் அந்தக் கப்பைக் கையில் வைத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்த மாதிரி யாரும் ஒரு இரும்புத் துண்டைப் பார்த்து நான் கண்டதில்லை. பிறகு அவரே ஒன்று சொன்னார்: இரண்டு பக்கமும் ஒரே மரை என்றால் ஓட்ட ஓட்டச் செயின் பக்கத்துக் கப் தளருமே என்று. நிஜம்தான், இத்தாலி வண்டிகளுக்கே உள்ள குறை அது, பெடல் சுற்றும் விதத்தில் அந்தக் கப் மெல்லக் கழன்றுகொள்ளும். மரையில் விடும் பசை போட்டு இறுக்கியிருக்கிறோம், இதுவரை நகரவில்லை.

உன் அப்பாவின் ராலே இங்கிலாந்து வழி வண்டி, செயின் பக்கம் லெஃப்ட் மரைதான், தைரியமாக வலமாகத் திருப்பு. ஆனால் பழைய ராலே கப்புகளின் மரை மற்றவற்றைவிட நெருக்கமானது, அங்குலத்துக்கு 26, மற்றதெல்லாம் 24. அதனால் பழைய கப்பைத் தூக்கிப் போட்டுவிடாதே, அது தேயாமல் இருந்தால் தங்கம்.

கப்பும் அச்சும் நன்றாக இருந்தால் உள்ளே உருளும் இரும்புக் குண்டுகளான பால்ரஸ் மாற்றினாலே போதும். கால் அங்குல பால்ரஸ் மிலானிலும் கால் அங்குலம்தான், செவ்வாய்ப்பேட்டையிலும் கால் அங்குலம்தான். நடு அச்சுக்குப் பக்கத்துக்குப் பதினொன்று. முன் சக்கரத்துக்கு மட்டும் 7/32 அங்குலம், சைக்கிள் கடைகளில் அது கிடைக்கவில்லை, பேரிங் கடையில் சொல்லிவைத்து வாங்கினேன். கிட்டத்தட்ட அதே அளவுதானே என்று 3/16 போட்டுவிடலாம் என்று ஒருவர் சொன்னார், போடவில்லை, போட்டால் அந்தக் குண்டுகள் உருளும் கோன் ஒரு மாதத்தில் பள்ளம் விழுந்துவிடும், அப்புறம் அந்தக் கோனை எங்கே தேடுவது?

சீட் கம்பிதான் என்னை ரொம்பப் படுத்தியது. அலுமினியக் கம்பி, இரும்புக் குழாய், இடையில் ஏற்காட்டு மூடுபனியின் ஈரம் இத்தனை வருஷம். இரண்டு உலோகமும் ஒன்றையொன்று தின்று வெள்ளைப் பொடியாகப் பூத்து, பற்ற வைத்த மாதிரி ஒட்டிக்கொண்டன. குழாயைத் தலைகீழாக நிறுத்தி, நடு அச்சு வழியாக எண்ணெய் விட்டு இரண்டு வாரம் வைத்தேன். ஐஸ் வைத்தேன், அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு சுருங்கும் என்பதால். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் சூரமங்கலத்தில் ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அந்த அண்ணன் சுத்தியலைத் தொடவே இல்லை. சீட் கம்பியின் தலையைப் பெரிய வைஸில் இறுக்கிக் கடிக்க வைத்துவிட்டு, முழு சைக்கிளையும் ஸ்பேனர் மாதிரி பிடித்துக்கொள்ளச் சொன்னார். அவர் ஒரு முனை, நான் ஒரு முனை. மெதுவாக, ஒரே சீராக. முதலில் குழாய் முறுக்கிக்கொள்வது போல் ஒரு பயம், பிறகு பட்டறை முழுக்கக் கேட்கிற மாதிரி டக் என்று ஒரு சத்தம், பிறகு ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொடி கொட்டியது. வெளியே வந்த கம்பி 27.2 மில்லி, கோடு கோடாகக் கீறல், ஆனால் நேராக இருந்தது, துடைத்துக் கிரீஸ் தடவி அதையே திரும்பப் போட்டிருக்கிறேன். உன் வண்டியில் கம்பி இரும்பு என்பதால் இவ்வளவு மோசம் இருக்காது.

அதே அண்ணன்தான் ஃப்ரீவீல் கழற்றுகிற டூலையும் செய்து கொடுத்தார். இத்தாலிப் பழைய ஃப்ரீவீலில் இரண்டே இரண்டு வெட்டுதான் இருக்கும், அதற்கான டூலை வெளியிலிருந்து வரவழைத்தால் ஃப்ரீவீலைவிட விலை. ஒரு துண்டு இரும்புக் கம்பியில் இரண்டு பல் எடுத்து, நடுவில் துளை போட்டு, அந்த கம்பன்யோலோ பூட்டாலேயே சக்கரத்தோடு சேர்த்து இறுக்கி, டூல் நழுவாமல் கழற்றினோம். டூலுக்கும் வைஸ் வேலைக்கும் சேர்த்து 500 ரூபாய் வாங்கிக்கொண்டார்.

சக்கரம் மாற்ற வேண்டியதாகிவிட்டது. பழைய ரிம் ட்யூபுலர் டயருக்கானது, டயரைப் பசை போட்டு ஒட்ட வேண்டும், பஞ்சரானால் நம் ஊரில் ஒட்ட ஆளில்லை. நம் ரோட்ஸ்டர் ரிம்மும் ஆகாது, முன்னால் 32 துளை, பின்னால் 40. இதில் சக்கரத்து நடுவில் உள்ள ஹப் இரண்டுக்கும் 36. ஹைப்ரிட் சைக்கிளிலிருந்து கழற்றிய 36 துளை 700சி ரிம் இரண்டு பழைய சாமான் கடையில் 1,400-க்குக் கிடைத்தது. பாய் கம்பி கோத்துப் பெண்டு எடுத்துக் கொடுத்தார், ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். கம்பியை விரலால் மீட்டிச் சத்தம் கேட்டே எது தளர்வு என்று சொல்கிறார்.

இந்த வேலையில் நான் பணத்தைக் கொட்டியது டயர், ட்யூப், பிரேக் கேபிள், பிரேக் கட்டை இவற்றுக்குத்தான், அதிலும் கட்டையைத் தாமதமாக மாற்றினேன். பழைய கட்டை பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது என்று மாற்றாமல் ஏற்காட்டுக்கு வண்டியை ஜீப்பில் ஏற்றிக் கொண்டுபோய், மேலிருந்து ஓட்டிப் பார்த்தேன். மேலிருந்து மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் இரண்டு லீவரையும் கைப்பிடியோடு ஒட்டப் பிடித்தும் வேகம் குறையவில்லை. ரப்பர் கண்ணாடி மாதிரி இறுகிப் போயிருந்தது, ரிம்மைப் பிடிக்காமல் வழுக்கியது. காலைத் தரையில் தேய்த்து, ஓரத்துக் கல்சுவரில் தோளை உராய்த்துத்தான் நிறுத்தினேன். எதிரே பஸ் வரவில்லை. அங்கிருந்து அடிவாரம் வரைக்கும் தள்ளிக்கொண்டே இறங்கினேன். மறுநாள் கடைத்தெருவில் 250 ரூபாய்க்குப் புதுக் கட்டை வாங்கிப் போட்டேன். உன் ராலேயில் கம்பி பிரேக்தானே, அந்தக் கட்டைகளை முதல் நாளே மாற்று, மற்றதெல்லாம் அப்புறம்.

பெயிண்ட் விஷயத்துக்கு வருகிறேன். பச்சை எனாமலைத் தின்னரில் நனைத்த துணியால் உள்ளங்கை அளவு உள்ளங்கை அளவாகத் துடைத்து எடுத்தேன், அடியில் இருக்கும் கம்பெனி பெயிண்ட் சூளையில் சுட்டது, சட்டென்று கரையாது, ஆனால் ஓர் இடத்தில் அழுத்தித் தேய்த்தால் அதுவும் போய்விடும். நாற்பது நாள், தினமும் ராத்திரி ஒரு மணி நேரம். குழாய் செய்த கொலம்பஸ் கம்பெனியின் புறாப் படம் போட்ட ஸ்டிக்கர் பாதி மிஞ்சியிருந்தது, அந்தப் புறாவின் ஒரு இறக்கை மட்டும். கீறல் இருக்கிறது, மேல் குழாயில் காசளவு துரு இருக்கிறது, அதை எலுமிச்சை உப்புக் கரைசலில் நிறுத்திவிட்டேன். குழாய்க்கு உள்ளே லின்சீட் ஆயில் ஊற்றிப் புரட்டி வடித்தேன், அது உள்ளே தோல் மாதிரி காய்ந்து துருவைத் தடுக்கும். வெளியே மெழுகு. அவ்வளவுதான். பெயிண்ட் கடையில் கொடுத்திருந்தால் மணல் அடித்து ஒரே நாளில் பளபளவென்று கொடுத்திருப்பார்கள், அந்தப் புறா போயிருக்கும். உன் அப்பா வண்டியின் மேல் குழாயில் நீ உட்கார்ந்து உட்கார்ந்து பெயிண்ட் தேய்ந்த இடம் ஒன்று உண்டு, எனக்கே ஞாபகம் இருக்கிறது. அதை எந்தக் கடைக்காரன் திருப்பிக் கொடுப்பான்?

மொத்தம் சாமானும் கூலியும் 8,150, வண்டி விலை சேர்த்து 11,650. ஒரு வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவானதால் கை கடிக்கவில்லை.

போன ஞாயிறு காலை ஐந்தரைக்கு அடிவாரத்திலிருந்து ஏறினேன். சேலம் 280 மீட்டர் உயரத்தில், ஏற்காடு 1,500-க்கு மேல், நடுவில் இருபது கொண்டை ஊசி. முன் பல்சக்கரம் சின்னது 42 பல், அந்தக் கிராங்கில் 41-க்குக் கீழே போட வழியே இல்லை. பின்னால் அந்த கியர் மாற்றிக்கு 26 பல் வரைதான் கணக்கு, பின் சக்கரத்தை அதன் அச்சு உட்காரும் காதில் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி வைத்து 28 போட்டேன், ஒப்புக்கொண்டது. நம் வயதுக்கு அதுவும் கனம்தான், பாதி வளைவுகளில் நின்றுகொண்டே மிதித்தேன், இரண்டு இடத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன். பன்னிரண்டாவது வளைவு தாண்டியதும் காற்று குளிர ஆரம்பித்தது, செயின் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. ஒண்டிக்கடையில் டீ குடிக்கும்போது ஒரு எஸ்டேட்டுக்காரப் பெரியவர் வண்டியைத் தொட்டுப் பார்த்து, இந்த நிறத்தில் ஒரு சைக்கிள் முன்பு இந்தப் பக்கம் ஓடும் என்றார். யார் ஓட்டியது என்று கேட்டேன், உயரமான ஆள், வெள்ளைச் சட்டை என்பதற்கு மேல் அவருக்கு ஞாபகம் வரவில்லை.

பொங்கலுக்கு வருவாய் இல்லையா? ராலேயை வேனில் போட்டுக் கொண்டுவா. பெடல் தண்டை நடு அச்சோடு பிடிக்கிற காட்டர் பின்னை நீயே சுத்தியலால் அடிக்க வேண்டாம், மரை மழுங்கிவிடும், பாய் கழற்றட்டும், அவரிடம் சொல்லி வைத்துவிட்டேன்.

அன்புடன்,
உன் மச்சான்