காப்பிச் சட்டியோடு வந்த தங்கச்சிக்கு

அன்புள்ள தங்கச்சி,

பரீட்சை நல்லபடியாக முடிந்திருக்கும் என்று நம்புகிறேன். இதை வாட்ஸ்அப்பில் நாலு வரியாகத் தட்டிவிட மனசு வரவில்லை. உன்னைப் போலவே பாடத்திட்டத்தின் பகுதியாக மாற்றுத்திறனாளிகள் மையத்துக்கு வந்து உலகப் பண்பாடுகளைச் சொல்லித் தரக் கிளம்பும் மற்ற மாணவர்களும் படிக்கட்டும் என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

முதல் சனிக்கிழமை நீங்கள் ஒன்பது பேர் கோலாலம்பூரிலிருந்து வேனில் பெஸ்தாரி ஜெயாவில் என் தம்பி போகும் மையத்துக்கு வந்து இறங்கினீர்கள். (என் அம்மாவுக்கு இன்றைக்கும் இந்த ஊர் பழைய பெயரில் பத்தாங் பெர்ஜுந்தைதான்.) திரையில் ஒரு மணி நேரத்தில் ஏழு நாடுகள் ஓடின. கொடி, தலைநகரம், நடனம், கடைசியில் கேள்வி பதில். பாட்டுச் சத்தம் கூடியதும் என் தம்பி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டான். உன் தோழி ஒருத்தி அவன் கன்னத்தைத் தட்டி, "குட்டிப் பையா, ஜப்பான் எங்கே இருக்கு, சொல்லு பார்ப்போம்" என்றாள். அவனுக்கு 24 வயது. அன்று காலை தானே சவரம் செய்துகொண்டு, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். அந்தப் பெண் கெட்டவள் இல்லை, அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆனாலும் எனக்கு வலித்தது.

அடுத்த வாரம் நீ மட்டும் பஸ் பிடித்து வந்தாய். ஒரு இரும்புச் சட்டி, ஒரு பொட்டலம் பச்சைக் காப்பிக் கொட்டை. படம் இல்லை, பாட்டு இல்லை. ஆளுக்குப் பத்துக் கொட்டையைக் கையில் கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொன்னாய். அப்புறம் அடுப்பில் வறுத்தாய். எத்தியோப்பியாவில் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அவர் கண்ணெதிரிலேயே கொட்டையை வறுத்து, புகையும் சட்டியை ஒவ்வொருவரிடமும் கொண்டுபோய் வாசனை பிடிக்கச் சொல்வார்கள், இடித்துக் காய்ச்சி மூன்று சுற்று ஊற்றுவார்கள் என்று நீ சொன்னதில் எவ்வளவு அவனுக்குப் புரிந்ததோ தெரியாது. சட்டி தன்னிடம் வந்ததும் முகத்தைப் புகைக்குள் குனிந்து, "பாட்டி" என்றான்.

பாட்டி இறந்து ஆறு வருஷம். எஸ்டேட் லயத்து வீட்டுக் கொல்லையில் இரண்டு காப்பிச் செடி வைத்திருந்தார். ரப்பருக்கு முன்னால் சிலாங்கூர்த் தோட்டங்களில் காப்பிதானே பயிர். பழத்தைக் காயவைத்து, வறுத்து, உரலில் இடிப்பார். இந்த ஆறு வருஷத்தில் தம்பி அவர் பேரையே எடுத்ததில்லை. மறந்துவிட்டான் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

நீ அதோடு விடவில்லை. நாலு வாரமும் அதே நாடு, அதே சட்டி. மூன்றாவது வாரம் புளித்த மாவில் ஊற்றும் இஞ்சேரா என்ற எத்தியோப்பிய அப்பத்தைச் செய்து காட்டினாய். அம்மா எட்டிப் பார்த்து, "இது நம்ம ஆப்பம்டி" என்றார். நாலாவது வாரம் சட்டியைத் துணியால் பிடித்துக்கொண்டு தம்பியே எல்லோரிடமும் போனான். யாரையும் விடாமல், மூன்று சுற்று. கேள்வி கேட்டால் நீ மனசுக்குள் பத்து வரை எண்ணிவிட்டுத்தான் மறுபடி வாயைத் திறப்பாய் என்பதை நான் கவனித்தேன். எட்டு, ஒன்பதில்தான் அவன் பதில் வரும். இத்தனை வருஷம் நானே மூன்றில் குறுக்கே பேசியிருக்கிறேன்.

மலேசியாவின் 2008 மாற்றுத்திறனாளிகள் சட்டம் பண்பாட்டு வாழ்க்கையில் பங்கேற்கும் உரிமையையும் சொல்கிறது. அந்த உரிமை எப்படி இருக்கும் என்பதை நான் அந்தச் சட்டியில்தான் பார்த்தேன்.

அடுத்த நாட்டுக்கு ஒரு யோசனை. ஆப்பிரிக்காவை வரைபடத்தில் தேட வேண்டாம், எங்கள் வாசலிலேயே நிற்கிறது. எண்ணெய் எடுக்கும் செம்பனை மேற்கு ஆப்பிரிக்க மரம். மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமே 1917இல் இங்கே பக்கத்துத் தென்னமரம் எஸ்டேட்டில் போட்டதுதான். எங்கள் அப்பா குலை வெட்டியவர். தம்பி சின்ன வயசிலிருந்து அவர் பின்னாலேயே போய் உதிரிப் பழம் பொறுக்கியவன், நல்ல பழம் எது, அழுகல் எது என்று தொட்டே சொல்லிவிடுவான். நைஜீரியாவில் அந்தப் பழத்தை வேகவைத்து இடித்து, சாறு பிழிந்து பாங்கா என்று ஒரு சூப் வைக்கிறார்கள். பழத்தை அவன் பொறுக்கித் தரட்டும், சூப்பை நீ சொல்லிக் கொடு. அந்த வகுப்பில் பாதி வாத்தியார் அவன்.

இனி, இந்தக் கடிதத்தை எழுத வைத்த விஷயம். செமஸ்டர் முடிந்தது, மார்க் வந்தது, வருகையும் நின்றது. உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. பாடத்திட்டத்தில் பத்து வாரம் என்று போட்டிருந்தால் நீ என்ன செய்வாய்? ஆனால் பத்தாவது வாரம்தான் கடைசி என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை எட்டு மணிக்கே சட்டியைக் கழுவித் துடைத்து மடியில் வைத்துக்கொண்டு மையத்து வாசலில் உட்கார்ந்துவிட்டான். பதினோரு மணி வரை அசையவில்லை. அதற்கடுத்த வாரமும் அப்படியே. 'அக்கா படிக்கப் போயிருக்கு' என்று நான் சொன்னால் என்னைப் பார்க்காமல் சாலையைப் பார்க்கிறான்.

அடுத்து வரும் குழுவிடம் இதை மட்டும் சொல்லிவிடு. முதல் நாளே சுவர்க் காலண்டரில் பத்துக் கட்டத்தை, தம்பியைப் போல மையத்துக்கு வருகிறவர்கள் கையாலேயே வட்டமிடச் சொல்லுங்கள். வாரா வாரம் ஒன்றை அடிக்கட்டும். எத்தனை மிச்சம் என்று தம்பி எண்ணுவான், அவனுக்கு இருபது வரை எண்ணத் தெரியும்.

உன்னால் வர முடிந்தால் ஒரு சனிக்கிழமை வா. முடியாவிட்டால் வீடியோ காலில் கூப்பிட்டு, எப்போது வருவாய், அல்லது வரமாட்டாய் என்பதை நீயே அவனிடம் சொல். சொல்லிவிட்டு உடனே வைத்துவிடாதே. பத்து வரை எண்ணு.

அன்புடன்,
அக்கா