ஞானஸ்நானம் எடுத்து நூறு நாள் ஆன தங்கைக்கு

பிரியமான தங்கச்சிக்கு,

போன செவ்வாய்க்கிழமை ராத்திரி நீ போன் பண்ணியபோது நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. அடுப்பில் பால் வைத்திருந்தேன். அது பொங்கி வழிந்து நான் கத்தியது உனக்கே கேட்டிருக்கும். "ஜெபம் பண்ணும்மா, எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்படிச் சொல்லி வைத்துவிடுவது எங்களைப் போன்ற பிறவிக் கிறிஸ்தவர்களுக்குக் கைவந்த கலை. படுத்த பிறகு மனசு உறுத்தியது. அதனால்தான் இந்தக் கடிதம். உன் பேரைப் போடாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதட்டுமா என்று கேட்டேன், நீயும் சரி என்றாய். உன்னைப் போலவே இன்னும் நாலு பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.

நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அக்கா, முன்ன மாதிரி இல்லக்கா. தண்ணியில முங்கி எழுந்தப்ப அழுகை அழுகையா வந்துச்சு. பாட்டு ஆரம்பிச்சாலே உடம்பு சிலிர்க்கும். இப்ப பைபிளைத் திறந்தா கொட்டாவி வருது. நான் வளரவே இல்லையோன்னு பயமா இருக்கு."

முதலில் கொட்டாவிக்கு வருகிறேன். அது உன் விசுவாசத்தின் குறை இல்லை, நீ ஆரம்பித்த இடம் அப்படி. ஆதியாகமத்தில் தொடங்கி நேராக ஓட்டிக்கொண்டு போகிறாய். ஆபிரகாம், யாக்கோபு, யோசேப்பு என்று கதை இருக்கிறவரைக்கும் சுகமாகத்தான் இருக்கும். யாத்திராகமம் 25-ஆம் அதிகாரம் வந்ததும் சீத்திம் மரத்தில் பெட்டி, இரண்டரை முழ நீளம், ஒன்றரை முழ அகலம், வளையம், தண்டு, திரைச்சீலை என்று ஆசாரி வேலைக் கணக்காகிவிடும். அதைத் தாண்டினால் லேவியராகமம். ஜனவரி முதல் தேதி பைபிள் வாசிப்புத் திட்டம் போட்டவர்களில் பாதிப் பேர் பிப்ரவரியில் படுத்துவிடுகிற இடம் அதுதான். நானும் மூன்று வருஷம் அங்கேதான் படுத்தேன்.

மாற்கிலிருந்து தொடங்கு. பதினாறே அதிகாரம். நாலு சுவிசேஷங்களில் சின்னது. ஒரு ஞாயிறு மதியம் உட்கார்ந்தால் ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். முதல் தடவை அப்படி ஒரே மூச்சில் படி, அப்புறம் தினம் ஒரு பத்தி போதும். அது முடிந்ததும் பவுல் சிறையில் இருந்து எழுதின பிலிப்பியர், நாலு அதிகாரம். கூடவே சங்கீதம். சங்கீதத்தில் 'கெட்டியான' விசுவாசிகள் போஸ்டர் அடிக்காத பகுதிகளையும் விடாதே. 13-ஆம் சங்கீதத்தில் தாவீது, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர் என்று கடவுளிடமே சண்டைக்கு நிற்கிறான். 88-ஆம் சங்கீதம் இருட்டிலேயே தொடங்கி இருட்டிலேயே முடிகிறது. ஒன்றும் தோன்றாத நாளுக்கும் வேதத்தில் பாட்டு உண்டு என்று தெரிவது பெரிய ஆறுதல்.

இன்னொன்று, பாஷை. நம் சபையில் வாசிக்கிற பழைய மொழிபெயர்ப்பு 1871-ல் ஹென்றி பவர் குழுவினர் முடித்தது. எனக்கு அது தாலாட்டு மாதிரி, காதிலேயே ஊறிவிட்டது. உனக்கு அப்படி இல்லை. 'ஆயக்காரன்' என்றால் வரி வசூலிக்கிறவன் என்று யாரும் உனக்குச் சொல்லித் தரவில்லை. 'நீதிமானாக்கப்படுதல்', 'கிருபாசனம்' எல்லாம் கேட்டு எல்லோரும் தலையாட்டுகிறார்கள், நீயும் ஆட்டுகிறாய். ஆட்டுகிற தலைகளில் பாதிக்கு அர்த்தம் தெரியாது, என் தலையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எளிய தமிழ் மொழிபெயர்ப்பு ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள். கத்தோலிக்கரும் மற்றவர்களும் சேர்ந்து செய்து 1995-ல் வந்த திருவிவிலியமும் நல்ல தமிழ். ரெண்டையும் சேர்த்துப் படிப்பது பாவம் என்று யாராவது சொன்னால் என் நம்பரைக் கொடு.

காலையில் வாட்ஸப்பில் வருகிற சூரியோதயப் படங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. போன வாரம் நீ எனக்கு அனுப்பினது எரேமியா 29:11. சமாதானத்துக்கேதுவான நினைவுகள், நல்ல வசனம், நானும் ஒரு காலத்தில் பீரோவில் ஒட்டியிருந்தேன். ஆனால் அதற்கு முந்தின வசனத்தைப் பார்த்தாயா? 70 வருஷம் கழித்து என்று இருக்கிறது. அதுவும் ஒரு கடிதம்தான். பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதினது. சீக்கிரம் ஊர் திரும்பிவிடுவோம் என்று நம்பிக்கொண்டிருந்தவர்களிடம், வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளைப் பெறுங்கள் என்கிறார். அதைக் கேட்ட பெரியவர்களில் பலர் அந்த 70 வருஷத்தைத் தாண்டியிருக்க முடியாது. இதைச் சேர்த்துப் படித்தால் அந்த வசனம் வேறு மாதிரிக் கேட்கும்.

ஜெபத்தைப் பற்றி நீ வெட்கப்பட்டாய். உபவாசக் கூட்டத்தில் அந்த அம்மாவைப் போல அடுக்கடுக்காக உன்னால் சொல்ல முடியவில்லையாம். சொல்ல வேண்டாம். "வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள்" என்று மத்தேயு 6-ல் ஆண்டவரே சொல்லிவிட்டுத்தான் பரமண்டல ஜெபத்தைக் கற்றுக்கொடுக்கிறார். முழுசாகச் சொன்னாலும் அது ஒரு நிமிஷத்துக்கு வராது. நான் தாமிரபரணிக்கரைக் கிராமத்துக்காரி, ஐந்தாம் தலைமுறை. 14 வயதில், திருவிருந்து எடுப்பதற்கு முன்னால் நடக்கிற திடப்படுத்தல் வகுப்பில் பத்துக் கட்டளை, விசுவாசப் பிரமாணம் எல்லாம் தடங்கலில்லாமல் ஒப்பித்துப் பரிசு வாங்கினவள். ஆனால் நானாக ஜெபம் பண்ணினது 29 வயதில்தான். அப்பா ஐசியூவில் கிடந்தார். வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலி, கையில் மருந்துச் சீட்டு. மனப்பாடம் பண்ணின ஒன்றும் வாயில் வரவில்லை. "ஆண்டவரே, பயமா இருக்கு" என்றேன். அவ்வளவுதான். அதற்கு முன்னால் 15 வருஷம் நான் பண்ணினது ஜெபமா ஒப்பித்தலா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நீ நூறு நாளில் அங்கே வந்துவிட்டாய். உன் தஞ்சாவூர்ப் பேச்சிலேயே பேசு, அவருக்குப் புரியும்.

இனி எனக்குக் கோபம் வருகிற விஷயம். நீ ஞானஸ்நானம் எடுத்த மூன்றாம் வாரமே உன்னை ஒரு கூட்டத்தில் மேடையேற்றி, விசுவாசத்துக்கு வந்த கதையைச் சாட்சியாகச் சொல்ல வைத்தார்கள். யார் என்று எழுதப் போவதில்லை. "புறமதத்திலிருந்து வந்த சகோதரி" என்று மைக்கில் அறிமுகப்படுத்தியதும், நீ சொன்னதற்கெல்லாம் கைதட்டினதும், அதை யாரோ வீடியோ எடுத்து அது உன் சித்தப்பா போன் வரைக்கும் போனதும், அதற்கப்புறம் உன் அப்பா உன்னோடு சாப்பிட உட்காராமல் போனதும் எனக்குத் தெரியும். உன் மேல் தப்பில்லை. பவுலைப் பார். மனம் திரும்பியதும் தமஸ்குவில் உடனே பிரசங்கம் பண்ணினார் என்று அப்போஸ்தலர் நடபடிகளில் இருக்கிறது, வாஸ்தவம்தான். ஆனால் கலாத்தியர் முதல் அதிகாரத்தில் அவரே சொல்கிற கணக்கு வேறு மாதிரி. அரபிதேசத்துக்குப் போனேன், தமஸ்குவுக்குத் திரும்பினேன், மூன்று வருஷம் கழித்துத்தான் எருசலேமுக்குப் போய்ப் பேதுருவோடு 15 நாள் இருந்தேன் என்கிறார். அரபியாவில் என்ன செய்தார் என்று ஒரு வரி கூட இல்லை. சபையை நடத்துகிற கண்காணியைப் பற்றி எழுதும்போதும் அவன் நூதன சீஷனாக, அதாவது புதிதாக வந்தவனாக, இருக்கக்கூடாது, இறுமாப்பு வந்துவிடும் என்கிறார். உனக்கும் ஒரு அரபியா வேண்டும். அடுத்த தடவை மைக்கை நீட்டினால், "அக்கா வேண்டாம்னு சொல்லிட்டாங்க" என்று என் மேல் பழியைப் போடு.

பூ, பொட்டு, நகை பற்றிக் கேட்டாய். எங்கள் சபையில் பெண்கள் மல்லிகைப்பூவும் வைப்போம், சங்கிலியும் போடுவோம். அடுத்த தெருச் சபையில் கம்மல் கூடக் கிடையாது. இரண்டு பக்கமும் நல்ல விசுவாசிகள் இருக்கிறார்கள், இரண்டு பக்கமும் வாயாடிகளும் இருக்கிறார்கள். யாரோ சொன்னார்கள் என்று அவசரப்பட்டுக் கழற்றாதே, போடாதே. இதற்கு மேல் இதில் நேரம் செலவழிக்க எனக்கு இஷ்டமில்லை.

மார்கழியில் உன் அப்பா பாடுகிற திருப்பாவை ராகம் இன்னும் வாயில் வருகிறது, அது பாவமா என்று கேட்டாய் பார், அதுதான் எனக்குப் பெரிய கேள்வியாகப்பட்டது. எங்கள் பக்கத்துக்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். ஹெச். ஏ. கிருஷ்ணபிள்ளை, நெல்லைச் சீமையில் கரையிருப்பு, வைணவக் குடும்பம். கம்பனில் ஊறினவர். 1858-ல் சென்னை மயிலாப்பூரில் ஞானஸ்நானம் எடுத்தபோது அவருக்கு வயது முப்பதை ஒட்டி. கம்பனைத் தூக்கி எறியவில்லை. அந்தத் தமிழிலேயே கிறிஸ்துவைப் பாடினார். 3,000 பாடல்களுக்கு மேல் உள்ள 'இரட்சணிய யாத்திரிகம்' அச்சில் வந்தது 1894-ல். 36 வருஷம்! 67 வயதுக் கிழவர். தேவாரம் என்றே தலைப்பு வைத்துப் பதிகங்களும் பாடியிருக்கிறார். நீ நூறு நாளை விரல் விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறாய். ராகம் உன் அப்பா கொடுத்த சொத்து. வைத்துக்கொள்.

ஆடிப்பெருக்கு வரப்போகிறது. அம்மா காவிரிக்குக் கூப்பிடுவார்கள். போகலாமா, படைத்த கலந்த சாதமும் காப்பரிசியும் சாப்பிடலாமா என்று கேட்டாய். 1 கொரிந்தியர் 8-ஆம் அதிகாரத்தையும் 10-ஆம் அதிகாரத்தையும் சேர்த்துப் படி. கொரிந்துவில் சிலைக்குப் படைத்த கறி, நம் ஊரில் கலந்த சாதம், பிரச்சினை ஒன்றுதான். சாப்பாட்டால் யாரும் கடவுளுக்கு நெருங்கிவிடுவதும் இல்லை, தூரமாவதும் இல்லை என்கிறார் பவுல். அதே மூச்சில், படைத்தது என்று ஒருவர் எடுத்துச் சொன்னால் அவர் நிமித்தம் சாப்பிடாதே என்றும் சொல்கிறார். சபைக்குச் சபை இதில் கருத்து மாறும். என் யோசனை இது: நாளும் கிழமையுமாக இலை முன்னால் உட்கார்ந்துகொண்டு "நான் சாப்பிட மாட்டேன்" என்று சொல்லாதே. முந்தின நாள் சாயங்காலம், அம்மா புளி கரைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து சொல். கயிறு கட்டிக்கொள்ள மாட்டேன், ஆனால் தூக்குவாளி எல்லாம் நான்தான் தூக்கி வருவேன் என்று சொல். எங்கள் எதிர்வீட்டு மாமி பிள்ளையார் சதுர்த்திக்குப் பூரணக் கொழுக்கட்டை கொண்டுவரும்போது வாசலிலேயே சொல்வார்கள், "படைக்கிறதுக்கு முன்னாடியே உங்களுக்குன்னு எடுத்து வச்சுட்டேன்." 22 வருஷமாக இது நடக்கிறது. நான் கேட்டதே இல்லை.

சபைக்கு வருவதை மட்டும் விட்டுவிடாதே. சலிப்பாக இருந்தாலும் வந்து பின் பெஞ்சில் உட்கார். அசனத்தில், அதுதான் சபை விருந்தில், பந்தி பரிமாறு, சாம்பார் வாளி தூக்கு. பத்துப் பிரசங்கத்தில் பழகாத ஜனம் ஒரு பந்தியில் பழகிவிடும். சபைத் தேர்தல் சமயத்தில் மட்டும் எங்களைக் கொஞ்சம் தள்ளி நின்று பார். அந்த ஒரு மாதம் நாங்கள் வேறு மனுஷர்கள்.

சரி, இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். அன்றைக்கு வளரவே இல்லை என்று அழுதுவிட்டு, போனை வைக்கிறதற்கு முன்னால் வேறு பேச்சாக ஒன்று சொன்னாய். "இன்னிக்கு அண்ணி வீட்டுக்குப் போயிட்டு வந்தேன்க்கா, பாப்பாவுக்குக் காய்ச்சல்." நான் பால் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டு "உம்" கொட்டினேன். படுக்கையில்தான் உறைத்தது. அந்தச் சங்கிலி விவகாரத்துக்கு அப்புறம் இரண்டு வருஷமாக நீ அண்ணியின் வாசல்படி மிதித்ததில்லை. கல்யாண வீட்டில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டவள். நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன், உன் அம்மா எத்தனை தடவை அழுதிருப்பார்கள். யாரும் சொல்லாமல் செவ்வாய்க்கிழமை நீயாகப் போயிருக்கிறாய். போனது உனக்கே ஒரு செய்தியாகத் தெரியவில்லை. அண்ணி என்ன சொன்னார்கள், காப்பி கொடுத்தார்களா, ஒன்றும் சொல்லவில்லை நீ. காய்ச்சல் 102 என்று மட்டும் சொன்னாய்.

மாற்கு 4-ல் ஒரு சின்ன உவமை இருக்கிறது. வேறு எந்தச் சுவிசேஷத்திலும் கிடையாது. ஒருவன் விதைத்துவிட்டுத் தூங்குகிறான், விழிக்கிறான், "அவனுக்குத் தெரியாதவிதமாய்" விதை முளைக்கிறது. முதலில் முளை, பிறகு கதிர், பிறகு கதிர் நிறையத் தானியம். விதைத்தவனுக்கே தெரியாது என்று எழுதியிருக்கும்போது பயிருக்கு எங்கே தெரியப்போகிறது?

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வீட்டுக்கு வா, விரால் மீன் குழம்பு வைக்கிறேன். அண்ணி வீட்டுக் கதையை முழுசாகச் சொல்ல வேண்டும். வருவதற்குள் ஒரு வேலை. உன் அப்பா குறுவை நட்டு முடித்திருப்பார். நாற்றைப் பிடுங்கி நட்டதும் பயிர் சோர்ந்து மஞ்சளாக நிற்குமே, அது எத்தனை நாளில் வேர் பிடித்துப் பச்சை திரும்பும் என்று அவரிடம் கேட்டுக்கொண்டு வா. எனக்குத் தாமிரபரணிக் கணக்குத்தான் தெரியும், காவிரிக் கணக்கு வேறாக இருக்கலாம். அக்கா கேட்கச் சொன்னாள் என்று சொல். அவர் வரப்பில் நிற்கிற நேரமாகப் பார்த்துக் கேள்.

பிரியமுள்ள,
அக்கா