தேவாரம் முடியும் வரைக்கும்

சிவமயம்

நல்லூர்,
யாழ்ப்பாணம்.

அன்புள்ள மகளுக்கு,

உன் மின்னஞ்சலை உன் அம்மா என்னைக் கொண்டு இரண்டு தடவை வாசிப்பித்துக் கேட்டார். ரொறன்ரோவில் நீ சேர்ந்திருக்கும் சேவைக் கழகத்தில் ஒவ்வொரு கூட்டமும் ஓர் உறுப்பினரின் இரண்டு நிமிடச் சிந்தனையோடு தொடங்குகிறது என்பதும், சென்ற மாதம் ஒருவர் அதை யேசுவின் பெயரால் எல்லோருக்குமான செபமாகவே முடித்தபோது யூதப் பெண்மணி ஒருவர் மனம் வருந்தினார் என்பதும், அந்த இரண்டு நிமிடத்தையே எடுத்துவிடலாமா என்று நிர்வாகக் குழு இப்போது யோசிக்கிறது என்பதும், இதற்கிடையில் அடுத்த மாதம் உன் முறை வருகிறது என்பதும் விளங்கின. தேவாரம் ஒன்றைச் சொல்லலாமா, அல்லது எவருக்கும் நோகாதபடி ஒரு குறளைச் சொல்லிவிட்டு இருந்துவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். ஒரு வரியில் விடை எழுதிவிடலாம். ஆனால் இந்த விடயத்தில் நானே ஒரு பிழை விட்டவன் ஆகையால், அதைச் சொல்லாமல் உனக்குப் புத்தி சொல்வது நேர்மையாகாது.

இந்தக் கடிதத்தின் தலையில் வழமைபோலச் 'சிவமயம்' என்று எழுதியிருக்கிறேன். மகளுக்கு எழுதும் கடிதத்தில் அதை எழுத நான் எவரிடமும் கேட்கத் தேவையில்லை. ஆனால் இங்குள்ள கழகத்துக்கு நான் தலைவராக இருந்த ஆண்டில், கூட்ட அறிவித்தல்களின் தலையிலும் கைப்பழக்கத்தில் அதையே எழுதிக்கொண்டிருந்தேன். அப்போது நாங்கள் இருபத்தெட்டுப் பேர். இருபத்திரண்டு பேர் சைவர்கள், கத்தோலிக்கர் நால்வர், தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவர் ஒருவர், சோனகத் தெருவிலிருந்து வரும் முஸ்லிம் இரும்புக்கடைக்காரர் ஒருவர். வியாழக்கிழமைகளில் மாலை ஆறு மணிக்குக் குத்துவிளக்கை ஏற்றி, எல்லோரும் எழுந்து நிற்க, சம்பந்தர் தேவாரம் ஒன்றை நானே பாடி, 'திருச்சிற்றம்பலம்' என்று முடிப்பேன். சபை அதைத் திருப்பிச் சொல்லும். எவரும் முகம் சுளிக்கவில்லை. சுளிக்காததை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். என் குரலைப் பற்றிய பெருமையும் அதில் கொஞ்சம் கலந்திருந்தது என்று உன் அம்மா சொல்வார், நான் மறுக்கமாட்டேன்.

அந்த இரும்புக்கடைக்காரர் ஒவ்வொரு கிழமையும் பத்து நிமிடம் பிந்தியே வருவார். பிந்தி வருபவருக்கு நூறு ரூபாய் தண்டம் என்பது எங்கள் கழகத்து வழக்கம். நான் பகிடியாக எதையாவது சொல்லித் தகரப் பெட்டியை நீட்டுவேன். அவரும் சிரித்தபடி காசைப் போட்டுவிட்டுப் பின்வரிசைக் கதிரையில் இருப்பார். ஏறக்குறைய எட்டு மாதம் இப்படி நடந்தது. ஒரு வியாழன், தொண்டை கட்டியிருந்தபடியால் தேவாரத்தை வேறொருவரிடம் விட்டுவிட்டு, பேக்கரியிலிருந்து வரவேண்டிய றோல்ஸ் பெட்டி வந்துவிட்டதா என்று பார்க்க வெளியே போனேன். விறாந்தையின் கடைசித் தூணோடு, சைக்கிள்கள் சாத்தியிருந்த இடத்தில், அவர் நின்றுகொண்டிருந்தார். செருப்பைக் கழற்றி ஒழுங்காகச் சுவரோரம் வைத்திருந்தார். வந்து நெடுநேரமாகியிருக்க வேண்டும். என்னைக் கண்டதும் வெட்கப்பட்டவர் அவர்தான். "தேவாரம் முடியட்டும் மாஸ்ரர், வாறன்" என்றார். நான் விடாமல் கேட்டபோதுதான் சொன்னார். எல்லோரும் நிற்கும்போது தான் மட்டும் இருந்தால் அவமதிப்பாகத் தெரியும். நின்றாலோ தன் மனத்துக்கு ஒப்பாத ஒரு வணக்கத்தில் சேர்ந்ததாகிவிடும். இரண்டையும் விட நூறு ரூபாய் மலிவு.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

உங்கள் நாட்டு உச்ச நீதிமன்றம் 2015 ஏப்ரலில் வழங்கிய தீர்ப்பொன்றைப் பிற்பாடு வாசித்தேன். கியூபெக் மாகாணத்துச் சகெனே நகரசபை தன் கூட்டங்களை ஒரு செபத்தோடு தொடங்கிவந்தது. விருப்பமில்லாதவர்கள் செபம் முடிந்த பிறகு உள்ளே வருவதற்கென்று இரண்டு நிமிட இடைவெளியும் விதியிலேயே வைத்திருந்தார்கள். நல்லெண்ணத்தோடு வைத்த இடைவெளிதான். ஆனால் அதுவே 'இன்னார் நம்மோடு சேராதவர்' என்று சபைக்கு முன்னால் காட்டிக்கொடுக்கும் வாசலாகவும் ஆகிவிட்டது. அந்த வழக்கம் மனச்சாட்சிச் சுதந்திரத்தை மீறுகிறது என்று நீதிமன்றம் முடிவு செய்தது. நகரசபை அரசின் அங்கம். கழகம் நாமாக விரும்பிச் சேர்வது. ஆகவே அந்தச் சட்டம் உங்கள் கழகத்தை நேரடியாகக் கட்டாது. என்றாலும் வாசிக்க வாசிக்க எனக்கு அந்த விறாந்தைத் தூண்தான் கண்ணுக்குள் நின்றது.

அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் தேவாரத்தை நிறுத்துவோம் என்று நானே சொன்னேன். எதிர்பார்த்தபடி எதிர்ப்பு வந்தது. ஆறுமுக நாவலர் பிறந்த நல்லூரில் தேவாரம் இல்லாமல் ஒரு கூட்டமா என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கொதித்தார். அதற்குக் கத்தோலிக்க ஆசிரியை ஒருவர் அமைதியாகச் சொன்ன பதில் எனக்கு இன்றும் பிடிக்கும். அதே நாவலர்தானே பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து விவிலியத்தைத் தமிழாக்க உதவினார், சைவராக இருந்துகொண்டேதானே உதவினார், 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கவும் அது தடையாக இருக்கவில்லையே என்று கேட்டார். மூத்தவர் தேநீரை எடுத்துக்கொண்டார். தேவாரத்துக்குப் பதிலாக ஒரு நிமிட மௌனம் என்று தீர்மானமானது.

அந்த மௌனம் மூன்று மாதம்கூட நிலைக்கவில்லை. எங்கள் ஊரில் கூட்டத்தில் எழுந்து வாய்மூடி நிற்பது இறந்தவர்களுக்காக என்பது உனக்குத் தெரியும். கிழமைக்குக் கிழமை செத்தவீட்டுக்கு வந்து போவதுபோல இருந்தது. அது ஒருவரையும் நோகடிக்கவில்லை. ஒருவருக்கும் எதையும் சொல்லவும் இல்லை. உங்கள் நிர்வாகக் குழு நினைப்பதுபோல இரண்டு நிமிடத்தை அடியோடு வெட்டுவது எனக்குச் சரியாகப் படாததற்கு இதுவே காரணம். பிறகுதான், உங்கள் கழகத்தில் உள்ளதுபோலவே, முறைவைத்து ஒவ்வொருவரும் பேசுவது என்று ஒழுங்கு செய்தோம். இரண்டு கட்டுப்பாடுகள் மட்டும் வைத்தோம். எவரையும் எழுந்து நிற்கச் சொல்லக்கூடாது. எவரையும் எதையும் திருப்பிச் சொல்லச் சொல்லக்கூடாது.

மூன்றாவது வியாழனே இரும்புக்கடைக்காரரின் முறை வந்தது. 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி விடுதலைப் புலிகள் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னபோது அவருக்குப் பதினான்கு வயது. அதைப் பற்றிக் கழகத்தில் அவர் அதற்கு முன் ஒரு சொல்லும் பேசியதில்லை. நாங்களும் கேட்டதில்லை, கேட்கத் துணிந்ததில்லை. அன்றும் அவர் பேசியது வெளியேற்றத்தைப் பற்றியல்ல, கூலியைப் பற்றி. கடையைப் பூட்ட முன்னர் அவருடைய தகப்பனார், வேலைக்கு நின்ற இரண்டு தமிழ்ப் பையன்களைத் தேடிப் பிடித்து, அந்தக் கிழமைக் கூலியை எண்ணிக் கொடுத்துவிட்டே புறப்பட்டாராம். தொழிலாளியின் வியர்வை உலர முன் அவனுடைய கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்பது நபிமொழி என்றார், அவ்வளவுதான், இருந்துவிட்டார். அன்றிரவே எங்கள் பொருளாளர், இரண்டு மாதமாக இழுபட்டுக்கொண்டிருந்த மண்டபக் காவலாளியின் கொடுப்பனவைத் தீர்த்தார். மார்க்கத்தை விட்டுவிட்டுப் பேசுங்கள் என்று அவரிடம் சொல்லியிருந்தால், அந்தக் கதையின் உயிரை எடுத்துவிட்டுச் சொல்லுங்கள் என்று கேட்டதாகியிருக்கும்.

பெரிய கழகங்களும் இந்த முடிச்சோடு மல்லுக்கட்டியவைதான். 1917 இல் தொடங்கிய லயன்ஸ், கட்சி அரசியலையும் மதப்பிரிவு வாதங்களையும் உறுப்பினர்கள் கழகத்துக்குள் விவாதிக்கக்கூடாது என்று தன் நோக்கங்களிலேயே எழுதி வைத்தது. 1905 இல் சிக்காகோவில் பிறந்த றோட்டரி, சகிப்புத்தன்மைக்கு ஏற்றபடி நடந்துகொள்ளுங்கள் என்று அந்தந்தக் கழகத்தின் நிதானத்துக்கே விட்டிருக்கிறது. ஆனால் எல்லோருக்கும் பொதுவாக நின்றதால் மட்டும் அதற்குப் பிரச்சினை இல்லாமல் போய்விடவில்லை. 1951 இன் தொடக்கத்தில் வெளியான வத்திக்கான் ஆணையொன்று, குருமார் றோட்டரியில் சேரக்கூடாது என்றே சொன்னது. பிற்காலத்தில் அந்த இறுக்கம் தளர்ந்தது.

இனி உன் விடயம். குறளைச் சொல்லித் தப்பிக்கும் யோசனை எனக்கு அவ்வளவு பிடிக்கவில்லை. குறளில் குறையில்லை, எவருக்கும் நோகக்கூடாது என்பதற்காக மட்டும் தெரிந்தெடுத்தால் அது நாட்காட்டித் தாளில் அச்சடித்த வாசகமாகிவிடும். 'எல்லா மதமும் ஒன்றுதான்' என்று தொடங்கவும் வேண்டாம். இங்கே பெரும்பான்மையாக இருக்கும் எங்கள் வாயில் அது சுலபமாக வரும், ஏனென்றால் விளக்கும் பாட்டும் எங்களுடையவை. அவற்றை நாங்கள் சமயம் என்று சொல்வதுமில்லை, பண்பாடு என்றுவிடுகிறோம். அங்கே அந்தச் செபத்தை அவர்களும் அப்படித்தான் சொல்வார்கள். இரண்டு பக்கமும் நின்று பார்த்தவள் நீ, நான் இவ்வளவு விளக்கத் தேவையில்லை.

தமிழில் 'நாம்' என்றால் கேட்பவரும் உள்ளே; 'நாங்கள்' என்றால் அவர் வெளியே. (யாழ்ப்பாணத்துப் பேச்சில் எல்லாவற்றுக்கும் 'நாங்கள்' என்றே சொல்லி இந்த வேறுபாட்டைக் கெடுத்து வைத்திருக்கிறோம், அது வேறு வழக்கு.) நீ பேசப்போகும் ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான், ஆகையால் மிகவும் கவனமாக இரு. அந்த மனிதரின் பிழை யேசுவைச் சொன்னதல்ல. அந்த யூதப் பெண்மணியைக் கேளாமலே அவரையும் 'நாம்' என்பதற்குள் இழுத்ததுதான். நீ 'நான்' என்று பேசு. சைவர்களைப் பற்றிச் சொல்லும்போது 'நாங்கள் சைவர்கள்' என்று தெளிவாகச் சொல்.

தேவாரத்தைப் பாடுவதை விட, அப்பாச்சியின் பிடியரிசியைப் பற்றிச் சொல்லேன். உலை வைக்க அரிசி அளக்கும்போதெல்லாம் ஒரு பிடியை எடுத்து மூலையிலிருந்த மண்பானையில் போடுவா. மாதக் கடைசியில் அது கோயில் அன்னதானத்துக்கோ, கேட்டு வந்தவருக்கோ போகும். வீட்டில் அரிசி குறைந்த நாட்களிலும் அந்தப் பிடி குறைந்ததில்லை. எங்களுக்குப் பரிமாறும் சோறுதான் குறைந்தது, அதில் எனக்குச் சின்ன வயதில் கோபமும் இருந்தது. உண்ணும்போது பிறருக்கு ஒரு கைப்பிடி என்ற திருமூலரின் சொல்லிலிருந்துதான் தனக்கு அந்தப் பழக்கம் என்று அப்பாச்சி சொல்லுவா. அதையும் மறைக்காமல் சொல், பெயரோடு சொல். முடித்ததும் இருந்துவிடு.

இப்போது எங்கள் கூட்டம் ஏழு மணிக்குத் தொடங்குகிறது, மஃரிப் என்னும் அந்தித் தொழுகை முடித்துவர அது வசதி. அவர் பிந்துவதில்லை, சென்ற வியாழன் நான்தான் பிந்தினேன், பெட்டியை நீட்டியவரும் அவர்தான். எட்டு மாதத் தண்டத்தைத் திருப்பிக் கொடுக்க ஒருமுறை முயன்றேன். அது மாணவர்களின் மூக்குக்கண்ணாடி நிதிக்குப் போய்விட்டது, விடுங்கள் என்றார்.

பிடியரிசிப் பானை இன்னும் குசினியின் பின்பக்கத்தில் கிடக்கிறது. விளிம்பு ஒரு பக்கம் உடைந்திருக்கிறது. உன் அம்மா அதைக் கழுவிப் படமெடுத்து அனுப்புவதாகச் சொல்கிறார். மருமகனையும் பேரனையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
அப்பா