அந்தக் கூலர் பெட்டி எங்கிருந்து வந்தது?

ஆசிரியருக்கு,

இரண்டு கிழமைக்கு முன் உங்கள் கடிதப் பகுதியில் ஒரு வாசகர் கொதித்துப்போய் எழுதியிருந்தார். ஊரிலிருந்து வந்த அவருடைய தாயார் ஆசையாகக் கட்டிக்கொண்டு வந்த மரை வத்தலை (மரை என்ற மானின் இறைச்சியை உப்பிட்டுக் காயவைத்தது) ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தில் நாய் மோந்து பிடித்து, அதிகாரிகள் பறித்தெடுத்து, தண்டமும் எழுதிவிட்டார்களாம். வெளியே வாகனத்துக்குக் காத்து நின்றபோது ஒரு வெள்ளைக்காரர் மூஸ் (கனடாவின் பெரிய மான் இனம்) இறைச்சி அடைத்த இரண்டு கூலர் பெட்டிகளை வண்டிலில் தள்ளிக்கொண்டு போனாராம், மறிக்க ஆளில்லையாம். 'அவன் சுட்டால் விளையாட்டு, எங்கட சனம் கொண்டுவந்தால் குற்றமா?' என்று கேட்டு முடித்திருந்தார்.

வாசித்தபோது எனக்கும் சுள்ளென்றுதான் இருந்தது. நான் இலங்கையின் வன்னியில், ஒட்டுசுட்டான் பக்கத்தில் வளர்ந்தவன். இடியன் துவக்கோடு காட்டுக்குப் போகிற ஆட்களையும், அடுப்புக்கு மேலே கம்பியில் தொங்கும் வத்தலையும் பார்த்து வளர்ந்தவனுக்கு அந்தத் தாயின் மனம் விளங்கும். ஆனால் ஒரு விஷயம். அப்படிக் கூலர் பெட்டி தள்ளிக்கொண்டு வருகிற ஆட்களில் நானும் ஒருவன், நிறம் மட்டும்தான் வேறு. வேலையிடத்துச் சிநேகிதர்கள் மூன்று பேரோடு இரண்டு முறை கனடாவின் கிழக்குக் கரையிலுள்ள நியூஃபவுண்ட்லாந்துக்கு மூஸ் வேட்டைக்குப் போய் வந்திருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன். அந்த வாசகர் பெட்டியைப் பார்த்தார், அது வந்த வழியைப் பார்க்கவில்லை.

நியூஃபவுண்ட்லாந்துத் தீவில் மூஸ் இயற்கையாக இருந்த மிருகமே அல்ல. 1904இல் நியூ பிரன்சுவிக்கிலிருந்து நாலே நாலு மூஸைக் கொண்டுவந்து ஹௌலி என்ற ஊரடியில் விட்டார்கள். ஓநாயும் அங்கே அழிந்துபோனதால் அடக்க ஆளில்லாமல் பெருகி, இன்றைக்கு ஒரு லட்சத்துக்கு மேல் நிற்கின்றன. இரவில் அங்கே கார் ஓட்டுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், மூஸ் என்றால் என்ன பயம் என்று சொல்வார்கள். ஆகவே அங்கே வேட்டை என்பது அரசே அளந்து, உரிமம் கொடுத்து, ஒவ்வொரு மிருகத்துக்கும் ஒரு டேக் (அடையாளச் சீட்டு) கட்டச் சொல்லி நடத்துகிற காரியம். எங்களைப் போல வெளிமாகாணத்தார் நினைத்தபடி காட்டுக்குள் இறங்க முடியாது. நாங்கள் பதிவுபெற்ற ஒரு முகாம் ஊடாக, வழிகாட்டியோடுதான் போனோம்.

முதல் முறை நாங்கள் பட்ட பாட்டைச் சொன்னால் அந்த வாசகரின் கோபம் பாதியாவது ஆறும்.

சுடுவது பெரிய காரியமில்லை. நானூறு கிலோவுக்கு மேற்பட்ட ஒரு மிருகம் சதுப்பு நிலத்தில் விழுந்த பிறகுதான் வேலையே தொடங்குகிறது. தோலை உடனே உரித்து, துண்டாக்கி, காற்றுப் புகும் துணிப்பையில் போட்டு, இலையான் மொய்க்காமல் நிழலில் தூக்கிக் கட்ட வேண்டும். சூடு உள்ளே நின்றால் எலும்போரத்தில் இறைச்சி புளித்துவிடும். எலும்பு நீக்கிப் பார்த்தால் நூறு, நூற்றைம்பது கிலோ தேறும். அதை ஊர் இறைச்சிக்காரரிடம் கொடுத்து வெட்டி, காற்றை உறிஞ்சிப் பொதி செய்து, கல்லுப்போல உறைய வைக்க நாலைந்து நாளாவது வேண்டும். எங்களுக்கோ வேட்டை கிடைத்தது கடைசிக்கு முதல் நாள், விமானம் மறுநாள் மத்தியானம். அரைகுறையாக உறைந்த இறைச்சியைக் கூலரில் அடைத்து, மேலே பெற்றோல் நிலையத்தில் வாங்கிய ஐஸ் கட்டியைக் கொட்டி, டேப் சுற்றி, 'இனி என்ன, வீடுதானே' என்று டீர் லேக் விமான நிலையத்துக்குப் போய் நின்றோம்.

தராசில் வைத்ததும் முதல் பெட்டி 36 கிலோ காட்டியது. சாதாரணப் பயணிக்கு ஒரு பொதி 23 கிலோ, அதாவது 50 இறாத்தல். அதற்கு மேலே கூடுதல் காசு கட்டினால் 32 கிலோ வரைக்கும் ஏற்றுவார்கள், அதற்குமேல் காசு கொடுத்தாலும் ஏற்றமாட்டார்கள், தூக்குகிற மனிதரின் முதுகெலும்பு உடைந்துவிடும் என்பதற்காக. சரி என்று நிலத்தில் குந்தி, சனம் எல்லாம் பார்க்க, இறைச்சிப் பொதிகளை உடுப்புப் பைக்குள் மாற்றினோம். இரண்டாவது பெட்டியை நிமிர்த்தியபோது மூலையிலிருந்து இரத்தத் தண்ணீர் சொட்டியது. கவுண்டரில் நின்ற பெண் ஒரு வார்த்தைதான் சொன்னார்: ஒழுகுகிற பெட்டி ஏறாது. அவரைக் குற்றம் சொல்ல முடியுமா? அந்தத் தண்ணீர் பக்கத்தில் கிடக்கிற யாரோ ஒருவரின் கலியாணச் சேலைப் பெட்டிக்குள் இறங்கினால் யார் பதில் சொல்வது? அந்தப் பெட்டியை வழிகாட்டியிடமே கொடுத்துவிட்டு வந்தோம்.

இதோடு முடியவில்லை. ஹலிஃபாக்ஸில் மாறுகிற விமானம் தவறிவிட்டது. நாங்கள் அன்றிரவே வேறொன்றில் ஏறி வந்துவிட்டோம், பெட்டி மறுநாள் பின்னேரம்தான் வந்தது. எங்கே வைத்திருந்தார்கள், வெயிலிலா நிழலிலா, கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. திறந்தபோது ஐஸ் தண்ணீராகி இளஞ்சூட்டில் கிடந்தது. ஏறத்தாழ இருபது கிலோவைக் குப்பையில் போட்டேன். நான் சுட்ட மிருகம் அது. பட்டினி கிடந்து வளர்ந்தவனுக்கு அந்தக் குப்பைப் பையைக் கட்டுகிற கை எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை.

அடுத்த முறை புத்தியாகப் போனோம். திரும்பும் விமானத்தை வேட்டை முடிந்து ஆறு நாள் கழித்து எடுத்தோம். இறைச்சி முழுதாக உறைந்த பிறகு, ஐஸ் கட்டியே போடாமல், இடைவெளிக்குப் பழைய பத்திரிகைத் தாள் திணித்து (உங்கள் பத்திரிகையும் ஒன்றிரண்டு போயிருக்கும், மன்னிக்கவும்) கட்டினோம். நல்ல கூலரில் நெருக்கமாக அடுக்கிய உறைந்த இறைச்சி ஒரு நாள் தாராளமாகத் தாங்கும், ஐஸ் கட்டி போட்டால் அதுதான் முதலில் உருகி ஒழுகும். இன்னும் பாதுகாப்பு வேண்டுமென்றால் ட்ரை ஐஸ் போடலாம். ஆனால் ஒரு பயணிக்கு இரண்டரைக் கிலோதான், விமான நிறுவனத்திடம் முதலே சொல்லி அனுமதி எடுக்க வேண்டும், பெட்டியின் வெளியே 'ட்ரை ஐஸ்' என்றும் எத்தனை கிலோ என்றும் எழுத வேண்டும், முக்கியமாகப் பெட்டி காற்றுப் போகும்படி இருக்க வேண்டும். அது உறைந்த காபனீரொட்சைட்டு, உருகித் தண்ணீராகாமல் நேரே வாயுவாகும். இறுக்கிச் சுற்றி அடைத்தால் பெட்டியே வெடிக்கும். டேப் சுற்றுவதில் எங்கள் ஆட்களுக்கு இருக்கிற ஆர்வத்தை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

இதிலே விமான நிறுவனங்களிடமும் ஒரு கேள்வி இருக்கிறது. போகும்போது தொலைபேசியில் கேட்டால் ட்ரை ஐஸ் சரி என்கிறார்கள், கவுண்டருக்குப் போனால் 'அது அபாயப் பொருள், கூடவே கூடாது' என்று ஒருவர் நிற்கிறார், பத்து நிமிடம் கழித்து மேற்பார்வையாளர் வந்து 'ஏற்றுங்கள்' என்கிறார். ஒரே நிறுவனம், ஒரே விதி, மூன்று வாய். வேட்டைக் காலத்தில் ஒவ்வொரு நாளும் கூலர் பெட்டி ஏறுகிற விமான நிலையத்தில் இந்த ஒரு பக்க விதியை அச்சடித்துக் கவுண்டரில் ஒட்டி வைக்க என்ன செலவு?

அப்புறம் ஈரல் கதை. எங்கள் வீட்டில் ஆட்டை அடித்தால் முதலில் கேட்பது ஈரல்தான். 'மூஸ் ஈரல் எவ்வளவு பெரிசா இருக்கும்' என்று மனைவி கனவு கண்டுகொண்டிருந்தார். ஒன்றும் கொண்டுவரவில்லை. மூஸின் ஈரலிலும் சிறுநீரகத்திலும் கட்மியம் என்ற உலோகம் சேர்ந்திருக்கும், அவற்றைத் தின்னாதீர்கள் என்று அந்த மாகாணமே சொல்கிறது. அது ஒருபுறம். மறுபுறம், வேறு மாகாணத்தில் சுட்ட மான் குடும்பத்து மிருகம் எதுவானாலும் அதன் தலை, மூளை, கண், முள்ளந்தண்டு, மண்ணீரல், உள்ளுறுப்புகள், பச்சைத்தோல் எதையும் எங்கள் ஒன்ராறியோ மாகாணத்துக்குள் கொண்டுவரக் கூடாது. எலும்பு நீக்கிய இறைச்சி வரலாம், ஊனும் தோலும் ஒட்டாமல் சுத்தம் செய்த கொம்பு வரலாம். காரணம், மான்களை மெலிய வைத்துக் கொல்லும் ஒரு மூளை நோய். 1967இல் அமெரிக்காவின் கொலராடோவில் முதலில் கண்டது, கனடாவில் 1996இல் சஸ்காச்சுவான் பண்ணையில், 2018இல் பக்கத்துக் கியூபெக்கிலேயே ஒரு பண்ணையில். உறைய வைத்தாலும் சமைத்தாலும் அந்த நோயின் புரதம் அழியாது. ஆக, நாட்டுக்குள்ளேயே, சொந்த மாகாணத்துக்கு வரும்போதே, கனேடியனின் பெட்டிக்கு இத்தனை கட்டு இருக்கிறது.

இப்போது வத்தலுக்கு வருகிறேன். அந்த வெள்ளைக்காரர் உள்நாட்டு விமானத்தில் வந்திறங்கியவராகத்தான் இருக்க வேண்டும். உள்நாட்டு வருகையில் சுங்கமும் இல்லை, நாயும் இல்லை, அதனால்தான் மறிக்கவில்லை. அவரே அந்தப் பெட்டியை நமீபியாவிலிருந்து கொண்டுவந்திருந்தால் உங்கள் தாயாருக்கு நடந்ததுதான் அவருக்கும் நடந்திருக்கும். ஆபிரிக்காவுக்குப் பெரும் காசு செலவழித்து வேட்டைக்குப் போகிறவர்கள்கூட இறைச்சியை அந்த ஊர்ச் சனத்துக்கே விட்டுவிட்டு, பதப்படுத்திய கொம்பையும் தோலையும் மட்டும்தான் வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

ஏன் இவ்வளவு பயம் என்றால், 1951 கடைசியில் சஸ்காச்சுவானில் ரெஜைனாவுக்குப் பக்கத்தில் கால்வாய் நோய் (தமிழகத்தில் கோமாரி என்பது) வந்தது. ஜேர்மனியிலிருந்து வேலைக்கு வந்த ஒருவர் தன்னுடைய பொதியில் கொண்டுவந்த சொசேஜில் இருந்துதான் அது வந்தது என்று நம்பப்படுகிறது. ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகளைக் கொன்று புதைத்தார்கள், அமெரிக்கா கனேடிய மாடுகளுக்கு எல்லையை ஏறத்தாழ ஒரு வருஷம் மூடியது. யோசித்துப் பாருங்கள், அவரும் வெள்ளைக்காரர்தான், அவரும் ஊர்ச் சாப்பாட்டு ஆசையில் கொண்டுவந்தவர்தான். எங்கள் நாட்டிலும் கால்வாய் நோய் இருக்கிறது. வெயிலில் காய்ந்த வத்தலில் என்ன கிருமி என்று கேட்பீர்கள். உப்பும் வெயிலும் மட்டும் போட்ட இறைச்சியில் அது செத்துவிட்டது என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையில்லாதவன். மானும் மரையும் இலங்கையில் 1937ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பாதுகாக்கப்பட்ட மிருகங்கள். அந்த வத்தல் பியர்சனுக்கு வந்து குற்றமானதல்ல, கட்டுநாயக்கா விமான நிலையத்தில் ஏறும்போதே குற்றம்தான். எங்கள் சிறுவயதில் அதை யாரும் குற்றமாக நினைக்கவில்லை, பசிக்கு அடித்துத் தின்றோம், அது வேறு கதை. இப்போது ரொறன்ரோ உறவுக்காரனுக்கு அனுப்ப என்றே காசுக்கு அடிக்கிறார்கள்.

அதோடு, வாசகர்கள் தயவுசெய்து சுங்கத்தில் 'இறைச்சி இல்லை' என்று சொல்லாதீர்கள். கையில் இருப்பதைச் சொல்லிவிட்டால் வத்தல் மட்டும்தான் போகும். மறைத்தால் தண்டம் 1,300 டொலர் வரை போகலாம். வயதான அம்மாமாருக்குச் சுங்கக் கேள்விகள் விளங்காது, வந்து கூப்பிடுகிற பிள்ளைகள்தான் விமானம் ஏற முதலே தொலைபேசியில் சொல்லிக் கொடுக்க வேண்டும். 'அம்மா, வத்தல் வேண்டாம், பனங்கட்டி கொண்டு வாங்கோ' என்று.

கடைசியாக அந்த வாசகருக்கு ஒரு வேண்டுகோள். சென்ற முறை கொண்டுவந்ததில் தொடை இறைச்சியை நாங்களே கீலம் கீலமாக வெட்டி வத்தல் போட்டுப் பார்த்தோம். ஸ்காபரோ அடுக்குமாடியில் வெயிலும் இல்லை, புகைக்க அடுப்பும் இல்லை, உலர்த்தும் மெஷினில்தான் போட்டோம். மரை வத்தல் மாதிரி வரவில்லை, செருப்புத்தோல் மாதிரி வந்தது. உப்பும் மஞ்சளும் எந்த அளவு, வெட்டு நாரோடு போக வேண்டுமா நாரைக் குறுக்கறுக்க வேண்டுமா என்று எனக்கும் மனைவிக்கும் இன்னும் சண்டை. உங்கள் தாயாரிடம் கேட்டு எழுதுவீர்களா? வேட்டை இறைச்சியை விற்கத்தான் கூடாது, கொடுக்கலாம். எங்கள் ஃப்ரீசரில் இன்னும் பதினொரு பொதி கிடக்கிறது, ஆசிரியரிடம் என் இலக்கம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒட்டுசுட்டான் ஊரவன்,
ஸ்காபரோ.