திருப்பணி நிறைவு அறிக்கை: மயானத்துல நாயக் ஐயா நினைவுக்கல்

உறுப்பினர் எல்லாருக்கும் வணக்கங்க. மயானத்துல நம்ம நாயக் ஐயாவுக்கு கல்லு வெக்கிற வேலை முடிஞ்சு போன டிசம்பர் 16 காலைல திறந்தாச்சு, வெளியூர்ல இருக்கறவங்க போட்டோ மட்டும்தான் பாத்திருப்பீங்க, அதான் கணக்கோட சேத்து எழுதறேன்.

புதுசா சேந்தவங்களுக்காக, நாயக்ங்கறது ராணுவத்துல ஒரு பதவி, ஐயா மெட்ராஸ் ரெஜிமென்ட், 1971 சண்டையில மேற்கு எல்லை ஷகர்கர் பக்கம் உயிர விட்டவரு, இறந்தப்புறம் சேனா பதக்கம் குடுத்தாங்க. இப்ப மாதிரி கொடி போத்தி உடம்ப ஊருக்கு அனுப்பறதெல்லாம் 1999 கார்கில் சண்டையிலதான் வழக்கமாச்சு. 1971ல ஊட்டுக்கு வந்தது ஒரு தந்தி, ஒரு தகரப் பொட்டி, அவ்ளோதான். அவங்கம்மா பொட்டியில இருந்த கம்பளிய புருசன் சமாதி பக்கத்துல பொதச்சு, ஏரிக்கரையில கெடந்த ஒரு கல்ல அதும்மேல நட்டுட்டாங்க. எழுத்து ஒண்ணும் கெடையாது.

கடக்கால் தோண்டறப்ப மேஸ்திரி அந்தக் கல்ல பேத்து ஓரமா போடலாம்னாரு, கமிட்டியில பாதி பேரு சரின்னுட்டோம், நானும் தான், மறைக்கல. ஐயாவோட தங்கச்சி வந்து "வேடியப்பன் கல்ல எவனாச்சும் பேப்பானா?"ன்னு ஒரே கேள்வி. வாஸ்தவம் தானே, நம்ம பக்கம் காட்டுல மேட்டுல வேடியப்பன்னு கும்பிடறதெல்லாம் சண்டையில செத்தவனுக்கு நட்ட கல்லுதான், தர்மபுரி மியூசியத்துலயும் வட்டெழுத்தோட வரிசையா நிக்குது. அதனால மேடைய ரெண்டடி பின்னால தள்ளிட்டோம். அம்மா வெச்ச கல்லு முன்னால, புதுசு பின்னால.

அடுத்து புதுக் கல்லோட கனம். நாலு இன்ச்னு சொல்லிட்டு மூணரை தானே இருக்குன்னு ரெண்டு பேரு கேட்டிருந்தீங்க. கல்லு மேல வெட்ட வேண்டிய சேனா பதக்கத்துல துப்பாக்கி முனைக் கத்தி மேல பாத்து நிமிந்து நிக்கும், பட்டறைக்காரர் போட்டோவ பாத்துட்டு வேல்னு நெனச்சு முருகன் கை வேலாவே வெட்டிட்டாரு, இலை மாதிரி அகலமா, நடுவுல பொட்டோட! மாஜி ராணுவத்தாரு சிரிச்சுட்டாங்க. மனுசன் மூஞ்சி வாடிப்போச்சு, ஆனா கூலி கேக்காம மொத்த முகத்தையும் தேச்சு மறுபடி வெட்டிக் குடுத்தாரு. அந்த அரை இன்ச் அங்க போனதுதான்.

மாவட்டம் எது போடறதுன்னு ஒரு ராத்திரி பூரா பேச்சு. ஐயா பொறந்தப்ப சேலம் ஜில்லா, 1965க்கு அப்புறம் தர்மபுரி, 2004ல இருந்து கிருஷ்ணகிரி. கடைசியில ஊர்பேர் மட்டும் போட்டோம்.

திறப்பு அன்னிக்கு தங்கச்சி பாட்டி மொதல்ல பழைய கல்லுக்கு தண்ணி ஊத்தி கழுவி மஞ்சள் பூசுனாங்க, அப்புறம் கை மஞ்சளோட திரும்பி "இதுக்கும் வெக்கலாமாப்பா?"ன்னு கேட்டாங்க. பாலிஷ் கறுப்புக் கல்லுல மூணு வெரல் தடம், இன்னும் இருக்கு, யாரும் தொடைக்காதீங்க.

வரவு 1,86,500. செலவு: கல்லும் வெட்டுக்கூலியும் 92,000, மேடை 48,500, கம்பிவேலி கேட்டோட 27,000, பந்தல் சாப்பாடு 11,700. மிச்சம் 7,300 கையில இருக்கு. கேட் பெயிண்ட் ஒரு கோட்டு தான் அடிச்சிருக்கோம், இன்னொண்ணு பாக்கி, அதுக்கு இது போதும். பில்லெல்லாம் பொருளாளர் அண்ணன்கிட்ட பாத்துக்கலாம், சாவியும் அவருகிட்டதான்.