படுத்திருக்கிறவங்க கண்ணுக்கு அந்த ரூம் என்ன சொல்லும்

பாப்பா,

நீ அனுப்புன கேன்சர் டே கேர் வார்டு டிசைனை நேத்து ராத்திரி டேப்லெட்ல பெருசு பண்ணி ஒவ்வொண்ணா பார்த்தேன். வெளிச்சம் எல்லாம் ரொம்ப அருமையா வந்திருக்கு, ஜன்னல் பக்கமா கீமோ சேர் எல்லாத்தையும் திருப்பி போட்டிருக்க பாரு, அதை பார்த்ததும் எனக்கு கண்ணுல தண்ணியே வந்துருச்சு. சில விஷயம் சொல்லணும், போன்ல பேசுனா எனக்கு கோர்வையா வராது, அதான் உக்காந்து டைப் பண்றேன். நான் டிசைன் படிச்சவ இல்ல, ஆனா நர்ஸ் சர்வீஸ்ல முக்காவாசி காலம் கேன்சர் வார்டுல இருந்தவ, அந்த ரூமுக்குள்ள வர்றவங்க எதை பார்த்து என்ன நினைச்சுக்கிறாங்கன்னு எனக்கு தெரியும்.

முதல்ல அந்த மரம். வாசல் சுவர் பூரா ஒரு பெரிய மரம், ஆரஞ்சு கலர் இலை எல்லாம் உதிர்ந்து காத்துல பறக்குற மாதிரி, கீழ "மாற்றம், மறுபடி துளிர்ப்பது" அப்படின்னு எழுதியிருக்க. நீ நினைச்சது புரியுது, இலை கொட்டுனா அடுத்து வசந்தம் வரும்னு. ஆனா அந்த ஹாலுக்கு யார் வருவாங்கன்னு யோசி. முதல் கீமோ முடிஞ்சு ரெண்டு மூணு வாரத்துல பாதி பேருக்கு மேல முடி கொட்ட ஆரம்பிச்சிரும், காலைல எந்திரிச்சா தலையணை எல்லாம் முடியா இருக்கு சிஸ்டர்னு வந்து அழுவாங்க, அவங்க அந்த சுவத்தை பார்த்தா வசந்தமா தெரியும்? கொட்டுறது மட்டும்தான் தெரியும். தயவு செஞ்சு அதை எடுத்துரு பாப்பா. மரம் வேணும்னா இலையோட இருக்கிற மரம் போடு, இல்லைன்னா வெளியில நிஜமா ஒரு புங்க மரம் வைக்கச் சொல்லு, அதுக்கு எந்த விளக்கமும் எழுத வேண்டாம்.

இது என் மனசுக்கு பட்டது மட்டும் இல்ல. அமெரிக்காவுல ட்யூக் யுனிவர்சிட்டி கேன்சர் சென்டர்ல ஜன்னலுக்கு வெளிய பறவைங்களை வச்சு உலோகத்துல சிற்பம் எல்லாம் நிறுத்தி வச்சாங்க, செஞ்சவங்க மனசுல அது பறவைத் தோட்டம், ஆனா ட்ரிப் ஏறிக்கிட்டு படுத்திருந்த பேஷண்ட்ஸ்ல நிறைய பேருக்கு அந்த கூர் கூரான உருவம் எல்லாம் பயமா தெரிஞ்சிருக்கு, கடைசில எடுத்துட்டாங்க. ராஜர் உல்ரிச்னு ஒருத்தர் இதைப் பத்தியெல்லாம் நிறைய ஆராய்ச்சி பண்ணவர், 1984ல அவர் எழுதுன கட்டுரைய நீயே காலேஜ்ல படிக்கிறப்ப எனக்கு சொல்லியிருக்க: பித்தப்பை ஆபரேஷன் பண்ணவங்கள்ல ஜன்னல் வழியா மரம் தெரிஞ்சவங்க, செங்கல் சுவர் தெரிஞ்சவங்களை விட சீக்கிரம் வீட்டுக்கு போனாங்க, வலிக்கு பவரான மருந்தும் கம்மியா கேட்டாங்கன்னு. உடம்பு சரியில்லாதவங்க கண்ணு வேற மாதிரி வேலை செய்யும். நல்லா இருக்கிறவங்களுக்கு அழகான ஒரு புதிரா இருக்கிறது அவங்களுக்கு மிரட்டலா தெரியும், ஏன்னா அவங்க ஏற்கனவே எல்லாத்துலயும் தன் ரிசல்ட்டை தான் தேடிக்கிட்டு இருக்காங்க.

உன் பாடத்துல பியர்ஸ்னு ஒருத்தர் குறிகளை மூணா பிரிச்சாருன்னு சொல்லுவியே, பார்க்க அதே மாதிரி இருக்கிறதால புரியுறது ஒண்ணு, அது விட்டுட்டுப் போன தடத்தை வச்சு புரியுறது ஒண்ணு, வழக்கத்தால புரியுறது ஒண்ணு. நீங்க டிசைனர்ஸ் முதலாவதுக்கும் மூணாவதுக்கும் தான் காசும் நேரமும் செலவு பண்றீங்க, படம், கலர், தாமரை, சூரியன்னு. வார்டுல ரெண்டாவது தான் ராஜா. நடுப்பகல்ல ஒரு பெட்டை சுத்தி ஸ்க்ரீனை இழுத்தா வார்டே அமைதியாயிரும், யாரும் ஒரு வார்த்தை சொல்ல வேணாம். ஒருத்தரோட கட்டிலை நர்ஸ் டேபிள் பக்கமா தள்ளிட்டு வந்தா அவருக்கு சீரியஸ்னு சின்ன பிள்ளைக்கும் தெரிஞ்சிரும். அந்த கவுன்சலிங் ரூம் இருக்கே, அதுல மட்டும் சோபா, அதுல மட்டும் டிஷ்யூ பாக்ஸ், "அந்த ரூமுக்கு கூப்பிட்டாங்களா?"ன்னு வெளிய கேட்பாங்க, கேட்கிறப்பவே குரல் மாறிடும். டாக்டர் வாயே திறக்கல, அதுக்குள்ள சோபா சொல்லிருச்சு.

உன் ப்ளான்லயும் அதே மாதிரி ஒரு ரூம் தனியா, ஓரத்துல, லைட்டை எல்லாம் கம்மி பண்ணி போட்டிருக்க. அதை எடுக்கச் சொல்லல, அது கண்டிப்பா வேணும். ஆனா அதே ரூம்லயே டயட் சொல்றதும் நடக்கட்டும், இன்சூரன்ஸ் பேப்பர் கையெழுத்து வாங்குறதும் நடக்கட்டும், கீமோ முடிஞ்சு கடைசி நாள் வாழ்த்து சொல்லி அனுப்புறதும் அங்கேயே நடக்கட்டும்னு அவங்க நிர்வாகத்துகிட்ட பேசு. டிஷ்யூ பாக்ஸ் எல்லா ரூம்லயும் இருக்கட்டும். ஸ்க்ரீன் எல்லா பெட்டுக்கும் தினமும் ஒரே நேரத்துல ஒரு தடவை இழுக்கிற மாதிரி வச்சுட்டா, யாருக்கோ இழுக்கிறப்ப அது சாவு சேதியா இருக்காது.

ஃபின்லாந்துல பைமியோனு ஒரு டிபி ஆஸ்பத்திரி, ஆல்வார் ஆல்டோ கட்டுனது, 1933ல திறந்தாங்க, நீ படம் காமிச்சிருக்க. எனக்கு அந்த மனுஷன் மேல தனி மரியாதை, ஏன்னா டிபி பேஷண்ட் மாசக்கணக்கா படுத்தே இருப்பாங்க, அவங்களுக்கு சுவரை விட சீலிங் தான் ரூம்னு புரிஞ்சுக்கிட்டு சீலிங்குக்கு அமைதியா ஒரு பச்சை அடிச்சாரு, லைட்டை படுத்திருக்கிறவங்க கண்ணுல குத்தாத இடத்துல வச்சாரு. அதை விட எனக்கு பிடிச்சது வாஷ் பேசின். ஒரு ரூம்ல ரெண்டு பேர், ஒருத்தர் எந்திரிச்சு கை கழுவுனா இன்னொருத்தர் தூக்கம் கெடக்கூடாதுன்னு தண்ணி சத்தமே வராத மாதிரி சாய்வா செஞ்சு வச்சாரு. இங்க யாரோ உன்னை நினைச்சிருக்காங்கன்னு அந்த பேசின் தினமும் சொல்லும், சுவத்துல "உங்களுக்காக நாங்கள்"னு ஸ்டிக்கர் ஒட்டுறதை விட எவ்வளவோ மேல. உன் டிசைன்ல சீலிங் வெறும் வெள்ளையா, நடுவுல ஏசி டக்டோட இருக்கு, சேர் எல்லாம் பின்னாடி சாயுற டைப், மூணு மணி நேரம் நாலு மணி நேரம் அவங்க பார்க்கப் போறது அந்த டக்டை தான். நீ ஒரு தடவை சாஞ்சு பாரு.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். "வீடு மாதிரி" அப்படின்னு தான் உன் கான்செப்டுக்கு பேர் வச்சிருக்க, அதுக்கு மர கலர் லேமினேட், சுவத்துல செட்டிநாடு தூண் ப்ரிண்ட், பக்கத்துல டம்ளர் டபரா படம். சார்லஸ் ஜென்க்ஸ்னு ஒருத்தரோட புத்தகத்தை மூணாவது வருஷம் நீ கையிலயே வச்சிருப்ப, கட்டடம் எல்லாம் மொழி மாதிரி பேசும்னு எழுதுனவர். லண்டன்ல தன் வீட்டையே அப்படித்தான் மாத்தி வச்சிருந்தாரு, வருஷத்துக்கு 52 வாரம்னு நடுப்படிக்கட்டுக்கு 52 படி, பருவத்துக்கு ஒரு ரூம், எங்க திரும்புனாலும் ஒரு அர்த்தம். இப்ப அது மியூசியம். அவரு மனைவி மேகி கெஸ்விக்குக்கு மார்பக புற்றுநோய், 1993ல திரும்ப வந்துருச்சு, இன்னும் ரெண்டு மூணு மாசம்னு எடின்பரோவுல ஒரு ஆஸ்பத்திரில சொல்லிட்டு, அடுத்த பேஷண்ட் காத்திருக்காங்கன்னு ஜன்னலே இல்லாத காரிடார்ல கொண்டு போய் உக்கார வச்சாங்களாம். அந்தம்மா அதுக்கப்புறம் கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் இருந்தாங்க, இருந்த காலத்துல கேன்சர் பேஷண்ட்ஸுக்கு ஆஸ்பத்திரி பக்கத்துலயே ஒரு இடம் எப்படி இருக்கணும்னு தானே உக்காந்து யோசிச்சு ப்ளான் பண்ணாங்க. 1995ல போயிட்டாங்க, 1996ல எடின்பரோவுல அந்த ஆஸ்பத்திரி வளாகத்துலயே ஒரு பழைய குதிரை லாயத்தை மாத்தி முதல் மேகிஸ் சென்டர் திறந்தாங்க. அப்புறம் ஃப்ராங்க் கேரி, ஜாஹா ஹடிட்னு பெரிய பெரிய ஆர்க்கிடெக்ட்ஸ் எல்லாம் ஆளுக்கு ஒண்ணு கட்டிக் கொடுத்தாங்க.

அத்தனை கட்டடமும் வெளியில இருந்து பார்த்தா ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இருக்காது, ஆனா உள்ள போனா நடுவுல ஒரு கிச்சன் டேபிள், எல்லாத்துலயும். ரிசப்ஷன் கவுண்டர் கிடையாது, டோக்கன் கிடையாது, போர்டு கிடையாது, யார் வேணும்னாலும் போய் தானே கெட்டில்ல டீ போட்டு குடிக்கலாம். அர்த்தத்தை படிக்கட்டுல எண்ணி எண்ணி வச்ச மனுஷனும் அவர் மனைவியும் நோய்னு வந்தப்ப கடைசில கேட்டது ஒரு டேபிளும் ஒரு கெட்டிலும் தான்னு நினைக்கிறப்ப எனக்கு மனசு என்னவோ பண்ணுது. அங்க "வீடு"ன்னு யாரும் வரைஞ்சு காமிக்கல. கேட்காம டீ போட முடியுற இடம் வீடு, அவ்வளவு தான்.

அதுக்காக நீ டேபிளை காப்பி அடிச்சிராத. அவங்களுக்கு கிச்சன் டேபிள், நம்ம ஜனத்துக்கு அது வீடு இல்ல. நம்ம பேஷண்ட்டோட மூணு பேர் வருவாங்க, ஒரு பாட்டி இருப்பாங்க, டிபன் கேரியர் இருக்கும், தயிர்சாதம் இருக்கும், உக்கார இடம் இல்லாம லிஃப்ட் பக்கத்துல பேப்பரை விரிச்சு சாப்பிட்டுக்கிட்டு இருப்பாங்க, செக்யூரிட்டி வந்து எந்திரிக்கச் சொல்லுவாரு. நமக்கு வழிப்போக்கன் கூட கேட்காம உக்காரலாம், துண்டை விரிச்சு சாயலாம்னு சொன்னது திண்ணை. அந்த தூண் ப்ரிண்ட்டை தூக்கிப் போட்டுட்டு காரிடார் ஓரமா நல்லா அகலமா, கால் மடக்கி உக்கார்ற உயரத்துல, வழவழன்னு ஒரு நிஜ திண்ணை கட்டு, பக்கத்துல கை கழுவ குழாய், வெந்நீர் பிடிக்க இடம், கைப்பிடி இல்லாத இரும்பு சேர் வரிசையை பாதியா குறை. அந்த இரும்பு சேர் எல்லாம் தரையோட போல்ட் போட்டு ஒரே பக்கம் பார்த்து இருக்குல்ல, அது "நீ டோக்கன் நம்பர்"னு தான் சொல்லும், மேல என்ன குஷன் போட்டாலும்.

இன்னும் ரெண்டு மூணு இருக்கு, சீக்கிரம் சொல்லிடறேன். பிள்ளையார், மாதா, மக்கா மூணும் ஒரே ஃப்ரேம்ல இருக்கிற படம் பழைய வார்டு வாசல்ல இருந்துச்சு, மினிமலா இருக்கட்டும்னு நீ எடுத்துட்ட. அந்த கண்ணாடில பாரு, ஒரு உயரத்துல மட்டும் மங்கி போயிருக்கும், தொட்டு கும்பிட்டுட்டு தான் ஊசிக்கு உள்ள போவாங்க. அதை திருப்பி வை. எட்டாம் நம்பர் பெட் வேண்டாம்னு நிறைய பேர் கேட்பாங்க, வடக்க தலை வச்சு படுக்க மாட்டாங்க, நீ நம்பினாலும் நம்பலைன்னாலும் அவங்க அங்க நிம்மதியா படுக்கணும், நம்பரை செடி பேரா மாத்திடு, கட்டிலை திருப்பிடு. அப்புறம் அந்த பாக்ஸிங் க்ளவுஸ் போஸ்டர், "போராடு, ஜெயி"ன்னு. ஜெயிக்க போறவங்களுக்கு அது வேணும்னா உற்சாகம். நாலாவது ஸ்டேஜ்ல ஒரு அண்ணன் அதையே பார்த்துக்கிட்டு இருந்துட்டு, "நான் சரியா போராடலையா சிஸ்டர்"னு என்கிட்ட கேட்டாரு. அவரு ஒரு மருந்து கூட விட்டதில்ல, ஒரு டேட் கூட தப்புனதில்ல. அதை எந்த சுவத்துலயும் மாட்டாத பாப்பா, எனக்காக.

டாய்லெட் கதவு கீழ இடைவெளி விடாம தரை வரைக்கும் இருக்கணும், உள்ளயே ஒரு கண்ணாடி, முகம் கழுவ ஒரு பேசின். அழணும்னா ஆஸ்பத்திரில வேற இடம் இல்ல. மேகிஸ் சென்டர்லயும் இதை கேட்டு வாங்கி செஞ்சிருக்காங்க. கண்ணாடிய வாசலுக்கு நேரா வைக்காத, அவங்களுக்கு பார்க்கணும்னு தோணுனா போய் பார்க்கட்டும்.

லேமினேட் ஆர்டர் போடறதுக்கு முன்னாடி ஒரு திங்கக்கிழமை ஓபி டைம்ல அங்க போய் உக்காரு, லேப்டாப் எடுத்துட்டு போகாத, ஐடி கார்டும் போடாத. அங்க இருக்கிற ஆயாம்மாகிட்ட பேசு, பேஷண்ட்ஸ் எங்க நின்னு அழுவாங்க, எங்க உக்காந்து சாப்பிடுவாங்கன்னு அவங்களுக்கு தான் தெரியும். மாத்துன ப்ளானை எனக்கு அனுப்பு, சீலிங் படத்தையும் சேர்த்து.

அம்மா